அத்தையின் தோளில் விழுந்த வெளிச்சம்

ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளிக்கூடம் விழப்போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கோடை உங்களுக்கும் நினைவிருக்கும். நம் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். சாகத்தானே போகிறோம் என்று வீட்டிலிருந்த சேவலை எல்லாம் அடித்துக் குழம்பு வைத்த கதையை ஒருவர் சொல்வார். தலையில் விழுந்துவிடும் என்று அண்டாவைக் கவிழ்த்து அதற்குள் தம்பியை உட்கார வைத்த கதையை இன்னொருவர் சொல்வார். போன மாதம் அரியலூரில் ஒரு கல்யாணப் பந்தியில்கூட இந்தப் பேச்சு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் அந்த வருஷம்தான் அத்தை போனாள். செத்துப் போகவில்லை. போனாள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கம். அப்போது பெரம்பலூர், அரியலூர் எல்லாமே திருச்சி ஜில்லா. மானாவாரிக் காடு. பருத்தி, கடலை, வெங்காயம். எங்கள் தெருக்காரர்கள் யாருக்கும் நிலம் கிடையாது. மேலத்தெருக்காரர்களின் காட்டில்தான் எல்லோருக்கும் வேலை. என் தாத்தா கடைசிவரை மேலத்தெருப் பெரியவர் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். அவர் மகன், என் அப்பா, எங்கள் தெருவிலேயே முதலில் பி.எஸ்ஸி. படித்தார். உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் வாத்தியார் ஆனார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, விரலிடுக்கில் எப்போதும் சாக்பீஸ் தூள். அப்படியிருந்தும் பெரியவர் வீட்டுக்குப் போனால் அப்பாவும் வாசலில்தான் நிற்பார். துண்டு மட்டும் இல்லை. “என்னப்பா வாத்தியாரே” என்று அவர் கூப்பிடும்போது அப்பாவின் கழுத்து நரம்பு ஒன்று துடிக்கும். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அத்தை அப்பாவின் தங்கை. தாத்தா போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாள். எனக்குத் தலை பின்னிவிடுவது, பாடம் சொல்லித்தருவது, அடிப்பது எல்லாம் அவள்தான். பருத்தி எடுக்கும் பருவத்தில் அம்மாவோடு காட்டுக்குப் போவாள். திரும்பி வரும்போது புருவத்திலும் முடியிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அதோடு அப்படியே உட்கார்ந்து அப்பா கொண்டுவந்த பத்திரிகையை வாசிப்பாள். அத்தை மேல் வரும் விளக்கெண்ணெய் வாசமும் அந்தப் பத்திரிகையின் வாசமும் எனக்கு இன்றைக்கும் ஒன்றாகவே வருகின்றன.

அந்தப் பத்திரிகைகளையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டுக்காரன் பள்ளிக்கூடத்து லைப்ரரிக்கு இலவசமாக அனுப்புவான். வழுவழு தாள். புத்தகத்துக்கு அட்டை போட்டால் வருஷம் முழுக்கக் கிழியாது. மண்ணெண்ணெயும் புது ரப்பரும் கலந்த மாதிரி ஒரு வாசம். என் கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போடுவதற்காக அப்பா ஒரு பழைய இதழைப் பிரித்தபோதுதான் அந்தப் படம் வந்தது.

நிலாவில் ஒருவன் வெள்ளை உடுப்பில் நிற்கிறான். கால்கீழே சாம்பல் மண். மேலே மை போன்ற கறுப்பு. படத்தின் இடது மேல் மூலையில் சூரியன் வெடித்தது மாதிரி ஒரு வெள்ளை. அங்கிருந்து வலது பக்கக் கீழ் மூலையை நோக்கி வரிசையாக வெளிச்சங்கள். நீலமாக ஒன்று, பச்சையாக ஒன்று, கடைசியில் பெரிதாக, லேசான ரோஸ் நிறத்தில், ஐந்து மூலையோடு ஒன்று. அந்த மனிதனின் தலைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. அது என்னவென்று கீழே ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். என் கணக்குப் புத்தகத்துக்குக் கடைசிவரை அட்டை விழவில்லை.

இதில் நான் அப்பாவுக்கு நியாயமாக இருக்க வேண்டும். முதலில் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. வாரக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சோறு போட்டுவிட்டுக் காத்திருப்பாள், அவர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். “நிலாவுல காத்து இல்ல. காத்து இல்லைன்னா கானல் இல்ல, மேகம் இல்ல, மின்னல் இல்ல. கண்ணை ஏமாத்த அங்க ஒண்ணுமே இல்ல. அப்ப தெரியிறது எதுவோ அது அங்க இருக்குதுன்னுதானே அர்த்தம்?” என்று அத்தையிடம் கேட்டார். அத்தையும் ஆமாம் என்றாள். நானும் ஆமாம் என்றேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. படம் பிடித்த பெட்டியின் முன்னால் ஒரு கண்ணாடி இருந்தது என்பதை மட்டும் எங்கள் யாருக்கும் நினைக்கத் தோன்றவில்லை.

ஐந்து மூலை என்பதால் ஐந்து பூதம் என்றார். ஒளியையே உடம்பாகக் கொண்டவர்கள் என்றார். முதலில் வகுப்பில் சொன்னார், பிறகு டீக்கடையில். அப்போதுதான் ஸ்கைலாப் பேச்சு பற்றிக்கொண்டது. ஊருக்கு ஊர் பயந்து கிடந்த நேரத்தில், மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள், இதோ அவர்களுடைய படம் என்று ஒரு சயின்ஸ் வாத்தியாரே சொன்னால் கூட்டம் சேராமல் என்ன செய்யும்? பெரம்பலூரில் கொடுத்துப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டம் அடித்து வாங்கி வந்தார். வார்னிஷ் காயாத சட்டம். பஸ்ஸில் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பாவாடையில் பழுப்புக் கறை ஆகிவிட்டது. வாரத்துக்கு ஓர் ஊர் என்று கூப்பிட்டார்கள். அப்பா மேடையில் ஸ்கேலால் ஒவ்வொரு வெளிச்சமாகத் தொட்டுக் காட்டுவார். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சிலர் சட்டத்துக்கு மாலை போட்டார்கள். முதல் தடவை அப்பா கூச்சத்தோடு மாலையைக் கழற்றினார். அடுத்த தடவை கழற்றவில்லை.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் மேலத்தெருப் பெரியவர் ஆள் அனுப்பினார். படத்தோடு வரச் சொல்லி. நானும் போனேன். அவர் வீட்டுக்குள்ளிருந்து ஒரு நாற்காலி வந்தது. மர நாற்காலி, கைப்பிடி வைத்தது. “உக்காருங்க சார்” என்றார் பெரியவர். அப்பா உட்கார்ந்த விதத்தை என்னால் சொல்ல முடியாது. நுனியில் உட்கார்ந்தார், பிறகு மெதுவாக முதுகைச் சாய்த்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த நாற்காலியைப் பற்றித்தான் சொன்னார். நிலாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதே சமயத்தில் அத்தைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழப்பழுவூர்ப் பக்கம், எங்கள் ஆட்கள். மாப்பிள்ளை வடக்கே வேலையில் இருந்தார். குணமான குடும்பம். அவர் ஒரு கலர் போட்டோ கேட்டு எழுதியிருந்தார். டவுனில் அப்போது கறுப்பு வெள்ளைதான் எடுப்பார்கள். அப்பாவோடு காலேஜில் படித்த ஒருவர் திருச்சியில் பிசிக்ஸ் பேராசிரியராக இருந்தார், காலேஜ் சார் என்று நாங்கள் சொல்வோம். அவரிடம் நல்ல கேமரா, அதில் கலர் பிலிம். வரச் சொன்னார் அப்பா. அவர் வந்து, எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எங்களை ரஞ்சன்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோட்டையில் எடுத்தால் படம் எடுப்பாக இருக்கும் என்றார்.

வீட்டில் அந்தச் சட்டத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். தெருக்காரர்கள் சுற்றி நின்றதால் ஒன்றும் பேசவில்லை. கோட்டை மேல் ஏறியதும்தான் பேசினார்.

“நண்பா, அந்த வெளிச்சம் எல்லாம் நிலாவுல இல்ல. கேமராவுக்குள்ள இருக்கு” என்றார்.

அப்பா சிரித்தார். காலேஜ் சார் வாதாடவில்லை. சாயங்காலச் சூரியன் மதிலுக்கு மேலே நின்றது. கேமராவை அதன் பக்கம் திருப்பி அப்பாவின் கண்ணில் வைத்தார். “இப்ப லேசா இடது பக்கம் அசைங்க. என்ன தெரியுது?”

அப்பா கேமராவை அசைத்தார். மறுபடி அசைத்தார். அவர் உதடு பிரிந்து நின்றது.

அத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு என் கண்ணில் வைத்தாள். பச்சையும் சிவப்புமாக மணிகள் கோட்டைச் சுவர் மேல் ஊர்ந்து போயின. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே முந்திக்கொண்டு ஓடின. சுவர் அப்படியே இருந்தது, மணிகள் மட்டும் ஓடின. எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

“லென்சுங்கிறது ஒரு கண்ணாடி இல்ல, வரிசையா பல கண்ணாடி. வெயில் நேரா அடிச்சா ஒண்ணுல பட்டு இன்னொண்ணுல திரும்பும். அதுதான் இந்தப் புள்ளிங்க. சூரியன்லேருந்து ஒரே கோட்டுல நிக்கும், உங்க படத்துல ஸ்கேல் வச்சுப் பாருங்க. அஞ்சு மூலை எதுக்குன்னா, வெளிச்சத்தைக் குறைக்க உள்ள தகடு இருக்கும். அந்தத் தகடு அஞ்சு, ஓட்டையும் அஞ்சு மூலை. நிலாவுல வானம் கறுப்பு, காத்து இல்லாததால வெயிலும் கடுமை. அதனால அங்க எடுத்த படத்துல இது பளிச்சுன்னு தெரியும். பூமியில எடுத்ததுல யாரும் கவனிக்கிறதில்ல.”

அவர் வாத்தியார் தோரணையில் சொல்லவில்லை. நண்பன் சட்டையில் கறை இருப்பதைக் காதோடு சொல்வது போலச் சொன்னார். பிறகு அத்தையைப் பார்த்து, “வெயில் மூஞ்சியில அடிச்சா கண்ணு சுருங்கும்மா. சூரியனுக்கு முதுகு காட்டி நில்லு” என்று நிற்க வைத்து எடுத்தார். மாம்பழ நிறச் சேலை, அம்மாவினுடையது. அத்தை அன்றைக்கு அழகாக இருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமும் அத்தையிடமும் ஒன்றே ஒன்று சொன்னார்: “அவன் சொன்னதை வெளியில பேசாதீங்க. நானே சமயம் பாத்துச் சொல்றேன்.”

சமயம் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போனார். ஸ்கேலால் தொட்டுக் காட்டினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிலிமைப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வர மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தை சிரித்துக்கொண்டிருந்த படம் ஒன்றுதான் நன்றாக விழுந்திருந்தது. அவளுடைய இடது தோளுக்கு மேல் ரோஸ் நிறத்தில் ஒரு வெளிச்சம், ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு. அதற்குக் கொஞ்சம் மேலே பச்சையாக ஒன்று. பூ வைத்த மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அனுப்பிவிட்டோம்.

மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அந்த அம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த போட்டோவை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தார்.

“சார், நீங்க படிச்சவங்க. உங்க படத்தை நாங்களும் பாத்தோம், எங்க ஊருக்கே வந்திருந்தீங்க. இந்தப் புள்ள தோள்ல இருக்கிறதும் நிலாவுல இருக்கிறதும் ஒண்ணுங்களா?”

பயமும் மரியாதையும் கலந்த கேள்வி. அவர்கள் சண்டைக்கு வரவில்லை. இல்லை என்று ஒரு சொல் கேட்டால் நிம்மதியாகப் பரிசத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போகத் தயாராக இருந்தார்கள். அத்தை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள், நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் மேலத்தெரு ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரம்பலூரில் பெரிய கூட்டம் ஒன்றுக்கு அப்பாவை அழைக்க வந்தவர்கள்.

அப்பா அவர்களைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார்.

“ஒண்ணுதாங்க” என்றார்.

அந்த அம்மாள் போட்டோவைக் கையால் தொடாமல், தட்டில் வெற்றிலையோடு வெற்றிலையாக வைத்து, எங்கள் பக்கம் தள்ளினார். “அவ்வளவு பெரிய வஸ்து கூட இருக்கிற புள்ளய நாங்க எப்படிங்க வூட்டுல வச்சுப் பொழங்குறது? நாங்க சாதாரண சனங்க” என்று கும்பிட்டார். அத்தை இருந்த திசையைப் பார்த்தும் ஒரு கும்பிடு. போய்விட்டார்கள்.

அத்தை வெளியே வந்தாள். “அண்ணே, காலேஜ் சார் காட்டுனாரே. நீயும் பாத்தியே. ஓடிப் போயிச் சொல்லுண்ணே, இன்னும் பஸ் வந்திருக்காது.”

“சொல்றேன் இரு” என்றார் அப்பா.

அன்று மத்தியானம் அம்மா அவரைக் கேட்டதை நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். அம்மா அதற்கு முன் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. “ஒரே ஒரு வார்த்தைங்க. பொய்யிகூட இல்ல, நெசத்தைத்தானே சொல்லப் போறீங்க? அந்தப் புள்ள வாழ்க்கைங்க.”

“அந்த வார்த்தைய நான் சொன்னா, நாளைக்கு எவன்டி எனக்கு நாற்காலி போடுவான்?” என்றார் அப்பா. கோபத்தோடு சொல்லவில்லை. அழப்போகிறவர் குரலில் சொன்னார். “இத்தன வருஷமா நின்னது போதும்.”

அம்மா அடுப்படிக்கு வந்து என்னோடு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். அவளும் அந்த வாசலில் நின்றவள்தான்.

கொஞ்ச நாளுக்கு ஊர் அத்தையை மரியாதையாகவே பார்த்தது. கிணற்றடியில் வழிவிட்டார்கள். அத்தை எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். கண்ணாடி என்றாள், வெயில் என்றாள், தகடு என்றாள். “தன்னைப் பத்தித் தானே எந்தப் புள்ளதான் ஒத்துக்கும்?” என்றார்கள். காலேஜ் சாரை வரவழைக்கச் சொல்லி அப்பாவிடம் கெஞ்சினாள். அப்பா எழுதுவதாகச் சொன்னார். எழுதவில்லை. ஸ்கைலாப் விழும் நாள் நெருங்க நெருங்க ஊரின் பயம் கூடிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, யார் வீட்டிலோ இரண்டு ஆடு செத்தது. வழிவிட்டவர்கள் பிறகு ஒதுங்கினார்கள். பிறகு பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். மேலே இருந்து வருகிற சனியன் இந்தப் பெண்ணைத் தேடித்தான் வருகிறது என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள்.

கடைசியில் எங்கள் தெருக்காரர்களே பெரியப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு வந்தார்கள். பெரியப்பா அப்பாவுக்குப் பெரியம்மா மகன், தெருவில் அவர் சொல் எடுபடும். “தம்பி, ஊரோட ஒத்துப் போ. பூசாரிய வரச் சொல்லியிருக்கு. என்னன்னு கேட்டு அனுப்பி வச்சுடுவோம்” என்றார். அப்பா மறுக்கவில்லை. மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்குமே.

ஊருக்கு வெளியே, பனைமரங்களுக்குக் கீழே, வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் அத்தையை உட்கார வைத்தார்கள். அவளைப் பின்னலை அவிழ்க்கச் சொன்னார்கள். காலையில் நான் பின்னிவிட்ட பின்னல் அது. எப்போதும் அவள்தான் எனக்குப் பின்னுவாள், அன்றைக்கு மட்டும் நான் அவளுக்குப் பின்னினேன். உடுக்கைச் சத்தம், சாம்பிராணி, மிளகாய் நெடி. அம்மா வரவில்லை, வீட்டுக்குள் தாழ் போட்டுக்கொண்டாள். ஊரே வந்திருந்தது. எங்கள் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மேலத்தெருக்காரர்கள்கூடக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“யாரு நீ? எங்கேருந்து வந்த?” என்று கேட்டுக் கேட்டுப் பூசாரி வேப்பங்குழையால் அடித்தார். அத்தை வாயைத் திறக்கவில்லை. இலைகள் உதிர்ந்து வெறும் குச்சியாகும், வேறு குழையை எடுப்பார். அவளுடைய ரவிக்கைத் தோளில் பச்சைச் சாறு படிந்தது. அந்த இடது தோளிலேயே அடித்தார். கூட்டத்தின் முன்னால் அப்பா கைகட்டி நின்றார். அத்தை ஒரு தடவை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் பனைமரத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு அத்தையின் உடம்பு ஆட ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். முடி முன்னால் விழுந்தது.

“நிலாவுலேருந்து” என்றாள்.

உடுக்கை நின்றது. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“யாரு கூப்பிட்டு வந்த?”

“வாத்தியாரு கூப்பிட்டாரு. ஊர் ஊரா மேடை போட்டுக் கூப்பிட்டாரு. மாலை போட்டுக் கூப்பிட்டாரு. வந்துட்டேன்.”

“என்ன வேணும்? என்ன குடுத்தாப் போவ?”

“கூப்பிட்டவன் வந்து கால்ல விழணும்.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் அந்த இடத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்க நின்றது, ஒரு குரல் போதும். அவர் வெள்ளைச் சட்டையோடு அந்தப் புழுதியில் குப்புற விழுந்தார். பாக்கெட்டிலிருந்து பேனா இரண்டும் தெறித்தன. தங்கையின் பாதத்தில் தலையை வைத்து நெடுநேரம் கிடந்தார். பெரியப்பா விழுந்தார். பூசாரி விழுந்தார். பிறகு குடைகள் மடங்கின. மேலத்தெருப் பெரியவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, என் அத்தையின் முன்னால், எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் முன்னால், நெற்றி மண்ணில் பட விழுந்து எழுந்தார். ஊரில் அதற்கு முன்னும் பின்னும் நடக்காத காரியம்.

சாயங்காலத்துக்குள் எங்கள் வாசலில் தேங்காய் குவிந்துவிட்டது. அப்பாவின் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. கால்முட்டிப் புழுதியைத் தட்டிக்கொண்டே அத்தையிடம் சொன்னார்: “வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும். நான் பாத்துக்கிறேன்.”

அத்தை சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிதானமாகச் சாப்பிட்டுக் கையைக் கழுவினாள். மறுநாள் காலை அரியலூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அம்மா தன்னுடைய மாம்பழ நிறச் சேலையைப் பையில் வைத்துக் கொடுத்து, பஸ் ஸ்டாப்வரை கூடப் போய்விட்டு வந்தாள். அரியலூரில் அவளோடு படித்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் மூலமாக ஆஸ்பத்திரி ஒன்றில் உதவிக்குச் சேர்ந்து, பிறகு நர்ஸ் படித்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

பெரம்பலூர்க் கூட்டத்தில் அப்பா தங்கையைப் பற்றிப் பேசினார். அந்த ஒளி அவளைத் தன் வேலைக்கு அழைத்துக்கொண்டது என்றார். கை தட்டினார்கள்.

ஸ்கைலாப் எங்கோ கடல் கடந்து போய் விழுந்தது. மறுவாரமே எல்லோரும் வெங்காயக் காட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். யாரும் அப்பாவைத் தோலுரிக்கவில்லை. அவரைப் பொய்யர் என்று சொல்லும் அளவுக்குக்கூட யாருக்கும் அந்தப் படத்தில் அக்கறை மிச்சமில்லை. கூப்பிடுவது குறைந்தது, நின்றது. சட்டத்தின் கண்ணாடி ஒரு தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது உடைந்தது. படத்தைக் கரையான் தின்றது. தேக்குச் சட்டத்தில் அம்மா ரசம் போன கண்ணாடியைப் பொருத்திச் சுவரில் மாட்டினாள். அப்பா தலைமையாசிரியர் ஆனார். ஓய்வு பெற்ற நாளில், மூடநம்பிக்கைக்கு எதிராக மாணவர்களுக்கு விஞ்ஞான மனப்பான்மையை ஊட்டியவர் என்று ஒருவர் பேசினார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மேடையில் நடு நாற்காலி அவருக்கு.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அரியலூருக்கே குடிவந்த பிறகு அத்தையைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சின்னக் குவார்ட்டர்ஸ். வெள்ளைச் சேலை, வெள்ளைத் தொப்பி, முடியும் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டேன்.

“ஊரே அன்னைக்கு நீ சொல்றதக் கேட்டுதே அத்தை. அப்ப உண்மையச் சொல்லியிருக்கலாமே?”

“உண்மையத்தான் அத்தன நாளாச் சொல்லிக்கிட்டிருந்தேன். எவன் கேட்டான்? பொய்யச் சொன்னேன், எல்லாவனும் வந்து விழுந்தான்.”

சொல்லிவிட்டுத் தொப்பிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். டூட்டிக்கு நேரமாகியிருந்தது. போய்விடுவாள் என்று நினைத்தேன். கதவருகில் நின்றாள்.

“உங்கப்பன் என் கால்ல ரொம்ப நேரம் கிடந்தான் பாரு. கால் விரலப் புடிச்சு அழுத்துனான், என்னமோ முணுமுணுத்தான். நான் கண்ண மூடிக்கிட்டிருந்தேன். சரி, இவ்வளவு நாள் கழிச்சாவது புத்தி வந்துச்சே, மன்னிப்புக் கேக்குறான்னு நெனச்சேன் பாப்பா. ஆட்டத்தை நிறுத்திட்டு அவன் தலையத் தொடலாம்னு கைய எடுத்தேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘அப்படியே இரு, கண்ணத் தொறந்துடாத’ன்னான்.”